ஈரம் காயாத நரகம்

“வீடு முழுக்க டர்பன்டைன் நாத்தம்! இந்த நரகத்தைத் தூக்கி வெளில போடுக்கா!”

“ஈரம் காயலடா. தொட்டா எண்ணெய்க் கொப்பரை கலைஞ்சிடும்.”

“ஆயில் பெயின்டிங் கத்துக்க அழகா ஒரு சாமி படம் கிடைக்கலியா? பேய் பாவிகளை மென்னு துப்புற படந்தான் கிடைச்சுதா?”

“இதைப் பார்த்து அப்படியே வரைஞ்சிட்டா அப்புறம் எதையும் வரையலாம். முடிக்காம விடமாட்டேன்.”

மாலையானால் அக்காவுக்கும் தம்பிக்கும் இதே கச்சேரி. கீழ் வீட்டு டீச்சரைத் தம்பிக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. டீச்சரின் அப்பாவுக்குக் காது கூர்மை. மந்தமாக இருந்தாலும் கேட்டிருக்கும்.

“கூடப்பிறந்தவகிட்டயே இந்தக் கத்து கத்துறவன், உன்னை வச்சு வாழ்வானாம்மா? வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

“நானும் வரேன்ப்பா.”

மேலே கதவு திறந்தே இருந்தது. தம்பி முக்காலியில் உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, “நீ உருப்படவே மாட்டே!” என்று கத்திவிட்டு, திறந்த வாயை மூடாமல் அப்படியே உறைந்திருந்தான். அக்கா அந்த வாயை உற்றுப் பார்த்துப் பார்த்துத் தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“பார்த்து வரையற படத்துல வாய் சரியாத் தெரியல. இவன் சும்மா திறந்தா கொட்டாவி மாதிரி வருது,” என்றாள், வந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். “திட்டிக் கத்தினாத்தான் பாவி மாதிரி இருக்கு. எனக்காக தினமும் தொண்டையைப் புண்ணாக்கிக்கறான், பாவம்.”

டீச்சர் அப்பாவின் கையைப் பிடித்தாள். “சொல்ல வந்ததைச் சொல்லிடாதீங்கப்பா.”

அடுத்த மாதமே கல்யாணம். ஜோடி வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது. படத்தில் இன்னும் நாலு பாவிகள் பாக்கி. எதிர் வீட்டு வக்கீலை அக்கா இப்போதெல்லாம் வலியப் போய் வம்புக்கு இழுக்கிறாளாம்.