கதவுப்பிடியில் ஒரு சிலந்தி

குளித்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பியவர் சட்டென்று பின்வாங்கினார். குளியலறைக் கதவின் பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. நல்லவேளை, பாட்டுக் கேட்கக் கைபேசியை உள்ளே கொண்டுவந்திருந்தார். மனைவியோ சிலந்தி ஆராய்ச்சியாளர்; அவளை அழைத்தார்.

"கண்ணெல்லாம் எப்படிங்க இருக்கு?"

"முன்னால ரெண்டு, நடுவுல நாலு, பின்னால ரெண்டு!"

"தாடை?"

"செக்கச்செவேல்னு இருக்குடி!"

"ஐயோ, நாடோடிச் சிலந்தி! பொல்லாத விஷம். ஆய்வகத்துலேருந்து ஜாடி எடுத்துட்டு வரேன். அசையாதீங்க."

ஒரு மணி நேரமாக அசையவில்லை. கால் மரத்துப்போனது. மறுபடி அழைத்தார்.

"எங்கடி தொலைஞ்சே? வெளிநாட்டு வேலைக்கு விடலைங்கிற கோபத்தை இதுலயா காட்டுவே?"

"இப்ப திறக்கலாங்க. அது உரிச்சுப்போட்ட வெறும் தோல். நான்தான் ஒட்டிவச்சேன்."

"அப்ப சிலந்தி?"

"அது எப்பவோ போயிடுச்சு."

அவள் குரலுக்குப் பின்னால், விமானப் பணிப்பெண் எல்லோரையும் சீட் பெல்ட் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.