ரோஜாத் தொட்டி

கிண்ணம் கைக்கு வந்துவிட்டது. இனி தப்ப வழியில்லை.

சமையலறை வாசலில் குடியிருப்பின் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு காலி பாட்டிலோடு, எடை ஆய்வாளரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று மாதத்தில் எட்டு கிலோ இறங்கிய மனுஷன் அல்லவா.

சமையல் மேடையில் அவர் மனைவியின் பாட்டில்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பச்சைப்பயறு, கொள்ளு, வெந்தயம், எல்லாம் முளைகட்ட. ஒவ்வொன்றின் வாயிலும் மெல்லிய துணி, அதைப் பிடிக்க ஒரு ரப்பர் பேண்ட். ராத்திரி ஊறப்போட வேண்டும், காலையில் வடித்துச் சாய்க்க வேண்டும், வேளைக்கு ஒரு தடவை அலச வேண்டும், நிமிஷத்துக்கு நிமிஷம் திறந்து பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல, பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி செல்போனில் படம் வேறு பிடித்தாள்.

ஆய்வாளருக்கு வியர்த்தது.

அவர் இதுவரை ஒரு முளையைக்கூடப் பல்லில் வைத்ததில்லை.

முதல் நாள் காலை, இட்லிக்குப் பதிலாக வந்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்ததோடு சரி. ஈரத்துணி வாசம் அடித்தது. காற்றாடச் சாப்பிடுகிறேன் என்று கிண்ணத்தோடு பால்கனிக்குப் போனவர், ரோஜாத் தொட்டியில் கொட்டி, விரலால் மண்ணைத் தள்ளி மூடினார். காலிக் கிண்ணத்தோடு உள்ளே வந்து ஒரு ஏப்பமும் விட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

வெளியில் ஏதாவது கொறித்துக்கொள்ளலாம் என்றால் உத்தியோகம் விடவில்லை. ஊரிலிருக்கும் தராசையெல்லாம் சோதித்து முத்திரை வைப்பவர் அவர். எந்தக் கடையில் ஒரு பன் கேட்டாலும் காசு வேண்டாம் என்பார்கள். காசு கொடுக்காமல் தின்றால் அது லஞ்சம். ஆகவே மதியச் சாப்பாடு வரை தண்ணீர்தான். அவர் வயிறு கத்துவது பக்கத்து மேஜைக்காரருக்கே கேட்கும்.

எட்டு கிலோ போனது அப்படித்தான். முழங்கால் ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பேரெல்லாம் பாட்டில்களுக்குப் போயிற்று.

அந்த டாக்டரிடம் முதல்முறை போன நாளை நினைத்தால் அவருக்கு இப்போதும் பெருமைதான். அங்கிருந்த எடை இயந்திரம் காட்டிய கணக்கை அவர் ஏற்கவில்லை. அதைக் கவிழ்த்துப் போட்டு, முத்திரை எங்கே என்று தரையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனைவியிடம் சொல்லி அனுப்பினார். வீடு திரும்பும் வழியில்தான் அவள் பச்சைப்பயறு வாங்கினாள்.

இப்போது எல்லோருக்கும் முன்னால் நின்றது கீழ்த்தளத்து மளிகைக்காரரின் மனைவி. தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியதற்காக அவள் புருஷனுக்கு அபராதம் போட்டவர் இவர். கள்ள எடையைப் பிடித்தவரின் கள்ளம் இவள் கண்ணில் பட்டால் போதும், சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கச் சிரிக்கும். அப்புறம் எந்தத் தராசுக்கு முன்னால் போய் நிமிர்ந்து நிற்பது?

ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். பாதிக்குப் பாதி வெந்தயம். நாக்கு சுருண்டது. கண்ணில் தண்ணீர் கோத்தது.

"என்ன சார், முழுங்காம வாயிலயே வச்சிருக்கீங்க? தினமும் திங்கிறதுதானே?" என்றாள் மளிகைக்காரரின் மனைவி.

நிதானமாக மெல்ல வேண்டும் என்று கையாலேயே சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

அவள் விடுகிறவளா? காற்று வாங்குகிற சாக்கில் பால்கனிப் பக்கம் நகர்ந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். ரோஜாத் தொட்டியில் ரோஜாவைக் காணோம். தொட்டி கொள்ளாமல் பயறுச் செடி, கொத்துக் கொத்தாகக் காய். பொழுது விடிந்தால் பயறில் கையை விடுகிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? ரோஜாத் தொட்டியில் பயறு காய்க்கிற அதிசயத்தை எங்கள் வீட்டில் பார்த்ததில்லையே என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

ஆய்வாளருக்கு முழங்கால் மறுபடியும் வலிப்பதுபோல் இருந்தது.

மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. பூச்சி விழுந்து ரோஜா பட்டுப்போயிற்று, தொட்டி சும்மாதானே கிடக்கிறது என்று தான்தான் பயறு போட்டதாகச் சொன்னாள். கடைப் பயறில் கல் ஜாஸ்தியாக இருக்கிறது, பாவம், அவர் பல்லும் தேயும்தானே என்றாள்.

கல் என்றதும் மளிகைக்காரரின் மனைவிக்கு வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது.

எல்லோரும் போன பிறகு அவர் பால்கனிக்குப் போனார். தினமும் அவசரத்தில் கொட்டிவிட்டு ஓடிவருகிறவர், அன்றுதான் தொட்டியை நின்று பார்த்தார். சாய்ந்த செடிக்கெல்லாம் குச்சி நட்டு, தையல் நூலால் கட்டியிருந்தது. முற்றிய காய்களைப் பறித்திருந்தது.

எப்போதிலிருந்து தெரியும் என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். நகக்கண்ணில் மண்ணை வைத்துக்கொண்டு ஏப்பம் விட்ட அன்றைக்கே தெரியும் என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்தும் எதற்காக இத்தனை நாள் ஊறவைத்து, அலசி, வடித்து, கிண்ணத்தில் போட்டு நீட்டினாள்?

"டாக்டர் பயறு திங்கச் சொல்லலீங்க. காலைச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னாரு. நான் நிறுத்துங்கன்னு சொன்னா நீங்க கேக்குற ஆளா?"

கிண்ணத்தில் மீதி இருந்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ரோஜாத் தொட்டியில் இனி இடமில்லை. பக்கத்தில், மண் நிரப்பிய புதுத் தொட்டி ஒன்று இருந்தது. நேற்று அது அங்கே இல்லை.