பாட்டிலில் ஒட்டிய பெயர்

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. ஏழு முட்டையும் ஒரே பாம்பு போட்டதுதானா?"

மேடம் மூன்றாவது தடவையாகக் கேட்டார். எங்கள் அருங்காட்சியகத்தில் பாம்புப் பிரிவுக்குப் போன மாதம்தான் அதிகாரியாக வந்தவர்.

"என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன் மேடம். மரப்பொந்துல அது முட்டை போட்டு முடிக்கிற வரைக்கும் ஏணியை விட்டு இறங்கலை. சத்தியமா!"

சாதாரணக் கொம்பேறி மூக்கன்தான். முட்டைகளை ஈர மண் போட்ட வாளியில் வைத்துக் காத்தேன். பொரிந்ததும் மேடம் லென்ஸ் வைத்துச் செதில் எண்ணினார். நான்கு குஞ்சுக்குப் பதினைந்து வரிசை. மூன்று குஞ்சுக்குப் பதின்மூன்று.

"பதிமூணு வரிசை இருந்ததாலதான் பழைய பேராசிரியர் இந்தப் பாட்டில்ல இருக்கிற பாம்பைப் புது இனம்னு எழுதினார். ஒரே தாய்க்கு ரெண்டு மாதிரியும் பிறந்தா அது புது இனமே இல்லை. அந்தப் பேரை எடுத்துட வேண்டியதுதான்."

இதைக் கேட்கத்தான் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தேன்.

கொம்பேறி மூக்கன், தான் கடித்த ஆள் செத்தானா என்று மரமேறிப் பார்க்கும் என்பார்கள். பாவம், விஷமே இல்லாத பாம்பு. அதற்கு அவ்வளவு வன்மம் கிடையாது. எனக்கு உண்டு.

அந்தப் பதின்மூன்று வரிசைப் பாம்பை நாற்பது அடி உயரத்தில் பிடித்தவன் நான். கீழே பையைப் பிடித்துக்கொண்டு, "ஏ தொரட்டி, பார்த்துடா!" என்று கத்தியதுதான் பேராசிரியர் செய்த வேலை. நான் ஒல்லி, உயரம். அதனால் தொரட்டி. என் சொந்தப் பெயரை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பேப்பரில் அவர் படம் வந்தது. பாட்டிலில் சீட்டு ஒட்டினார்கள். இங்கிலீஷில் மூன்று வார்த்தை. எனக்கு வாசிக்க வராது. ஆனால் கடைசி வார்த்தை மட்டும் தெரிந்தது. அவர் அறைக் கதவிலிருந்த பித்தளைப் பெயர்ப்பலகையைத் தினமும் துடைத்தவன். அந்த எழுத்தெல்லாம் என் விரலுக்கே மனப்பாடம்.

மரமேறினவன் நான், பெயர் அவருக்கு!

அன்றோடு பேச்சை விட்டேன். ஒரு நாள் சீட்டைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவர் ஓய்வு பெற்றபோது வழியனுப்பக்கூடப் போகவில்லை. அதற்கப்புறம் அந்தப் பட்டப்பெயரை யாரையும் சொல்லவிட்டதும் இல்லை.

"பேராசிரியருக்குச் சொல்லியாச்சா மேடம்?"

"நேத்து போன் பண்ணினேன். ஒரு மணி நேரம் விடலை. 'இன்னும் நாலு பாம்பு பார்த்துட்டு முடிவு பண்ணும்மா'ன்னு கெஞ்சறார்."

"கெஞ்சினாரா?" எனக்கு வயிறு குளிர்ந்தது. "வயசாகியும் பேராசை போகலை பாருங்க. பேரைப் பிடிச்சுத் தொங்கறார்."

"அவருக்காகக் கெஞ்சலைண்ணே. 'தொரட்டிக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவான்'னு கெஞ்சினார்."

"யாரு?"

"தொரட்டி. இதோ, சீட்டுல நடு வார்த்தை. மரமேறிப் பிடிச்சவராம். அவர் பேரைத்தான் பாம்புக்கு வெச்சிருக்கார்."

"கடைசியில... பேராசிரியர் பேரு இருக்கே மேடம்?"

"அது பேர் வெச்சவர் பேர். எந்த உயிருக்குப் பேர் வெச்சாலும் அப்படித்தான் போடுவாங்க. அந்தத் தொரட்டி இங்கதான் வேலை பார்த்தாராமே, உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டுக்கொண்டே மேடம் சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார்.

"மேடம், கொஞ்சம் இருங்க!"

"என்னண்ணே?"

"அந்த முட்டை... நடுவுல நான் டீ குடிக்க இறங்கிப் போனேன் மேடம். வேற பாம்பு ஏதாவது வந்து போட்டிருக்கலாம்."