வெள்ளிக்கிழமைப் பிழை

வெள்ளிக்கிழமை பத்து மணி ஆனால் போதும், நுவரெலியாவில் பள்ளிக்கூட வெப்சைட்டுகளைப் பராமரிக்கும் கணினி அலுவலகத்துத் தொலைபேசி தவறாமல் அடிக்கும். யசோதினிதான் பாய்ந்து எடுப்பாள்.

"மிஸ், கொட்டகலைப் பள்ளிக்கூடத்திலை இருந்து பரமலிங்கம் மாஸ்டர். எங்கட வெப்சைட்டிலை நிறமொண்டும் வரேல்லை. நிறம் குடுக்கிற ஸ்டைல்ஷீட்டிலை பன்னிரண்டாம் வரி பிழையெண்டு காட்டுது."

"வரியிலை பிழையில்லை சேர். அதை வாசிக்கிற சொஃப்ட்வெயார் பழைய வேர்ஷன். புதுசைப் போடுவம். நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ."

அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நடுவில் அவர் இருமினார்.

"மருந்து எடுத்தனீங்களோ, சேர்?"

"ஓம், மிஸ்."

நிறம் வந்தது. அழைப்பு முடிந்தது.

பக்கத்து மேசை வினோதாவுக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சாவது வெள்ளிக்கிழமைங்க! நீங்க புதுசைப் போட வைக்கிறீங்க, அந்த மனுசன் அதை அழிச்சிட்டுத் திரும்பப் பழசைப் போடுறாரு. தெரியலையா உங்களுக்கு?"

"ரெண்டாம் வெள்ளிக்கிழமையே தெரியும்."

"அப்புறம் என்னங்க? கொட்டகலை என்ன சீமையிலயா இருக்கு? நேர்ல போய்க் கேட்டுட்டு, ஒரேயடியா சரிபண்ணிட்டு வாங்க."

யசோதினி இன்னும் ரிசீவரை வைக்கவில்லை.

"அந்த வாசல்படி மிதிக்கேலாது, வினோதா. தேயிலைத் தோட்டத்துப் பெடியனைக் கட்டினன் எண்டு என்னைத் தலைமுழுகின மனுசன். ஒரேயடியாத் திருத்திப்போட்டால், பிறகு என்னத்தைச் சாட்டி அப்பா என்னோடை கதைக்கிறது?"