திங்கட்கிழமைக்குள் ஒரு பாட்டு

“ரொம்ப சுலுவா கத்துக்கற மாதிரி ஒண்ணு காட்டு பாய். திங்கக்கெழமைக்குள்ள ஒரு பாட்டாவது வாசிச்சிடணும்.”

ஜஹாங்கீர் பாய் துடைத்துக்கொண்டிருந்த பிடிலைக் கீழே வைத்தார். ராயபுரம் மார்க்கெட்டை ஒட்டிய அவருடைய வாத்தியக் கடைக்கு அன்று காலையில் வந்த முதல் ஆள் இவன்தான். நாற்பது வயதிருக்கும். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தன.

“இன்னிக்கே வியாழன் ஆச்சே நைனா. யாருக்கு, உன் புள்ளைக்கா?”

“எனக்குத்தான் பாய். பேரு கஸ்பார். திருவொத்தியூர்ல ஒரு பட்டறையில சம்மட்டி அடிச்சிக்கினு இருந்தேன். போன மாசம் பட்டறைய மூடிட்டாங்கோ.”

“அதுக்கும் பாட்டுக்கும் இன்னா?”

“ஒரு வாக்கு குடுத்தாச்சு” என்றான் கஸ்பார், தரையைப் பார்த்தபடி.

பாய் மேலே கிளறவில்லை. ஒரு மௌத் ஆர்கனை எடுத்து நீட்டினார்.

“ஊதினாலும் சத்தம் வரும், இழுத்தாலும் சத்தம் வரும். இதைவிட சுலுவு கெடையாது.”

கஸ்பார் ஊதினான். வாசலில் போன எருமை நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

“இது வேணாம் பாய். வாயில வெச்சிக்கினா பேச முடியாது.”

“வாசிக்க சொல்லோ நீ இன்னாத்துக்குப் பேசணும்?”

கஸ்பார் மௌத் ஆர்கனைத் திருப்பிக் கொடுத்தான். பாய் புல்புல்தாராவை இறக்கினார். ஒரு கையால் டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அமுக்கி, மறு கையால் கம்பியைத் தட்டிக் காட்டினார்.

“தம்மாத்தூண்டு கீது. பார்த்தா ஒரு மரியாதை வரணும் பாய்.”

“வாசிக்கத் தெரியாதவனுக்கு இன்னாப்பா மரியாதை?” என்று முணுமுணுத்துக்கொண்டே பாய் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தார்.

கஸ்பார் ஒரு விரலை வைத்தால் இரண்டு கட்டைகள் அமுங்கின. பாய் பென்சிலால் ஒவ்வொரு கட்டையிலும் எண் எழுதினார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, கஸ்பார் வியர்க்க வியர்க்க அமுக்கினான். பதினோரு மணி வாக்கில், தட்டுத் தடுமாறி ஒரு மெட்டு கடைசிவரை வந்து சேர்ந்தது.

“நானா பாய் வாசிச்சேன்?” கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய்க்கும் மனசு இளகியது.

“நல்லா வருது நைனா. ஆனா வெரலு கன்னாபின்னான்னு போவுது. இப்டியே பழகிட்டா அப்பால திருத்தறது பேஜாரு. நல்ல வாத்தியாரா பார்த்துச் சேர்ந்துடு.”

“வாத்தியாரா?”

“தண்டையார்பேட்டையில புச்சா சங்கீதப் பள்ளிக்கூடம்னு போர்டு மாட்டிக்கீறாங்கோ, பார்க்கல? என் பொண்ணையே அங்கதான் சேர்த்துக்கீறேன், திங்கக்கெழமை கிளாஸ் ஆரம்பம். மாஸ்டர் பெரிய வித்வானாம். பம்பாய்க்குக் கச்சேரிக்குப் போயிக்கீறாராம். பேர் எழுதிக்கினாங்களே, அந்த அம்மாதான் சொல்லிச்சு.”

கஸ்பார் ஆர்மோனியத்திலிருந்து மெதுவாகக் கையை எடுத்தான்.

“அந்தம்மா என் சம்சாரம் பாய். மாஸ்டர் பம்பாய்க்கெல்லாம் போவல, உன் எதிர்லதான் குந்திக்கினு கீறாரு.”