பதினைந்தாவது பெயர்

பதினான்காவது பெயரை எழுதிவிட்டு வரலாறு டீச்சர் பேனாவை மூடினாள்.

இன்னும் ஒரே ஒரு பெயர் வேண்டும்.

பதினைந்து பேர் சேராவிட்டால் இந்த வருஷத்தோடு வரலாற்றுப் பிரிவை மூடிவிடுவார்களாம். தலைமையாசிரியை காலையிலேயே சொல்லிவிட்டார். மூடிவிட்டால் வரலாறு டீச்சருக்கு இங்கே என்ன வேலை? எந்த ஊருக்குத் தூக்கி அடிப்பார்களோ.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு ஹாலில் மூன்று மேசைகள் போட்டிருந்தார்கள். முதல் மேசை அறிவியல். அங்கே நாற்காலி போதவில்லை. இரண்டாவது வணிகவியல். மூன்றாவது அவளுடையது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். தண்ணீர் குடிக்க வந்தவர்கள்தான் அதிகம்.

முதல் மேசையில் கைவிரித்தால் இரண்டாவது. அங்கேயும் கைவிரித்தால்தான் அவளிடம் வருவார்கள். வரும்போதே பிள்ளைக்குக் கண் கலங்கியிருக்கும்.

பதினெட்டு வருஷமாக ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் தேற்றுகிறாள்.

"அழாத. இது ஈஸிதான்."

சொல்லிச் சொல்லித் தன் பாடத்தின் மானத்தைத் தானே வாங்குகிறோமோ என்று சில நாள் தோன்றும். அழுகிற பிள்ளையிடம் வேறென்ன சொல்வது?

எழில்மதி நேராக மூன்றாவது மேசைக்கு வந்தாள்.

பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தாறு. பள்ளியில் இரண்டாம் இடம்.

மற்ற மேசைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். பீடி சுற்றிய கை. விரல் இடுக்கில் புகையிலைத் தூள் இன்னும் போகவில்லை.

"வரலாறு வேணும் டீச்சர்."

டீச்சருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

இந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். போன கோடையில் குளத்து மடைக்கல்லில் ஏதோ எழுத்து இருக்கிறது என்று, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வந்தவள். இரண்டு பேரும் நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு மூன்று சொற்களைப் படித்தார்கள். பாக்கியை டீச்சருக்கே படிக்கத் தெரியவில்லை. அதை ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப நான் படிச்சு சொல்லுதேன் டீச்சர்" என்று எழில்மதி சிரித்தாள்.

அந்தத் தாள் இன்றைக்கும் அவள் ஃபைலில் மேலாக இருந்தது.

டீச்சர் பேனாவைத் திறந்தாள்.

"டீச்சர்" என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது. சண்டைக்கு வந்தவள் இல்லை. "ஒங்க மவளும் போன வருஷம் இங்கதான சேந்தா. எந்த குரூப்புல சேத்திய?"

பேனா நின்றது.

முதல் மேசை. அதே ஹால். மகள் ஓவியம், கதை என்று ஏதேதோ சொன்னாள். டீச்சர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் நிறுத்தினாள்.

எழில்மதியும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஒரு பெயர். எழுதினால் பிரிவு தப்பிக்கும், வேலை தப்பிக்கும். எழுதலாம். பிள்ளையே கேட்கிறது.

எழுத முடியவில்லை.

"இந்த மார்க்குக்கு வரலாறு எதுக்கும்மா?"

சொன்னது தான்தானா என்று டீச்சருக்கே சந்தேகமாக இருந்தது. இதே கேள்வியை இதே வார்த்தைகளில் முன்பு அவளிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் மேலும் எவ்வளவு கோபப்பட்டிருக்கிறாள்.

எழில்மதிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"ஈஸின்னு நெனச்சு கேக்கல டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள். ஃபைலைத் திறந்து, மேலாக இருந்த தாளை அடியில் வைத்தாள். அம்மா டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு முதல் மேசைக்குப் போனாள்.

நல்லதுதான் செய்தோம் என்று நினைத்துப் பார்த்தாள் டீச்சர். நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை.

மணி மூன்றரை ஆனது. இரண்டாவது மேசையை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் இசக்கிப்ரியாவை அவளுடைய அப்பா இழுத்துக்கொண்டு வந்தார். நூற்று எண்பத்தொன்பது. இரண்டு மேசையிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண் தேம்பித் தேம்பி அழுதாள். கம்ப்யூட்டர் படிக்கவேண்டும் என்றாளாம்.

"இதுலயாவது பாஸாயிருவாளா டீச்சர்?"

பதினைந்தாவது படிவம் தானாக வந்து மேசைமேல் கிடந்தது.

அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "பதினஞ்சு ஆயிட்டா? தப்பிச்சிட்டீங்க டீச்சர்!" முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

இசக்கிப்ரியாவின் அழுகை ஓயவில்லை. ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் பெயரை எழுதினாள். எழுதிக்கொண்டே, பழகிய வாய், சத்தமாகவே சொல்லிவிட்டது.

"அழாத. இது ஈஸிதான்."

முதல் மேசை வரிசையில் இன்னும் நின்றிருந்த எழில்மதி திரும்பினாள்.

டீச்சர் சட்டென்று குனிந்து அடுத்த படிவத்தைத் தேடினாள்.

அடுத்த படிவம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.