பாகு ஜாடியின் மூடி

"அண்ணன் வடக்கே போய்ப் பாட்டு ரெக்கார்டு குடுத்தப்ப, அங்க இருக்கிற ஏரி அலையடிக்கிறதை நிறுத்திட்டு மூணு நிமிஷம் கேட்டுச்சு அண்ணி," என்கிறார் கிளியோட்டஸ். போன வாரம் அது இரண்டு நிமிடமாகத்தான் இருந்தது. ஆர்டீலியா பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். "ஏரியும் இல்ல, பாட்டும் இல்ல. அண்ணனும் தம்பியும் மெம்ஃபிஸ்ல குடிச்சுக் கிடந்தீங்க. இங்க என் மக பேர்லி காய்ச்சல்ல போயிட்டா." முப்பது வருடமாக இதைத்தான் சொல்கிறாள், கணவன் ஹோசியா செத்தபோதும் சொன்னாள். மிசிசிப்பி வெயிலில் தகரக் கூரை முறுகுகிறது. பக்கத்து வீட்டில் பாகு ஜாடிக்கு மூடியாகக் கிடந்த இசைத்தட்டைக் கிளியோட்டஸ் சட்டைக் கையால் துடைத்து, உடைந்த ஓரத்தைத் தாண்டி கிராமபோன் ஊசியை வைக்கிறார். கரகரப்புக்கு அடியிலிருந்து ஹோசியாவின் குரல் ஏறி வருகிறது. கிதாரோடு அவன் கால் தரையை உதைக்கிறது. இரண்டு வரிகளுக்கு நடுவே, பாடகர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, பாட்டை விட்டுப் பேசுகிறான்: "ஆர்டீலியா, பேர்லிக்குச் சிவப்பு ஷூ வாங்கிட்டேன். நான் வர்றவரைக்கும் அவளைத் தூங்கவிடாத." உரித்த தோல் அவள் விரலிலேயே நிற்கிறது. பேர்லியின் அடக்கத்துக்கு மறுநாள் வந்து நின்றவன் கையிலிருந்து அந்த ஷூவைப் பிடுங்கி அடுப்பில் போட்டவள் அவள்தான். பாட்டு முடிந்தும் தட்டு சுற்றுகிறது. "போயிருக்காரு," என்கிறாள் ஆர்டீலியா. "பாடத்தான் போயிருக்காரு."